வாக்கெடுப்பு மார்க்கத்தைக் காக்குமா? அவுஸ்திரேலியா தரும் பாடம்

தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எமது சமூகத்தில் ஒரு குரல் கேட்கிறது. "பாராளுமன்றத்திலுள்ள 225 பேரிடம் இதை ஏன் விடவேண்டும்? சர்வசன வாக்கெடுப்பு நடத்தட்டும். இந்த நாட்டு மக்கள் இதற்கு ஒருபோதும் இடம்கொடுக்க மாட்டார்கள்" என்பதே அது. பௌத்தர், இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் என்று பெரும்பாலானோர் ஒரே பக்கம் நிற்கக்கூடிய அரிய விடயம் இது என்பதால் வாக்கெடுப்பில் வெற்றி நிச்சயம் என்று பலர் நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கை எண்ணிக்கைக் கணக்கில் சரியாக இருக்கலாம். ஆனால் சிறுபான்மைச் சமூகம் ஒன்று தனது மார்க்கத்தைக் காக்க வாக்கெடுப்பைக் கேட்பது ஆபத்தான வழி என்பதே எனது கருத்து. ஒருபால் திருமணம் பற்றி இஸ்லாம் என்ன சொல்கிறது என்பதில் எமக்குக் குழப்பம் இல்லை. அது வாக்கெடுத்து மாறும் விடயமும் அல்ல. அரசு தனது சட்டத்தை எந்த வழியில் தீர்மானிக்க வேண்டும், அந்த வழியில் எமக்கு என்ன மிஞ்சும் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு அவுஸ்திரேலிய முஸ்லிம்களின் அனுபவம் நல்ல விடை தருகிறது.

கட்சிக்குள் தீராத சண்டை

அவுஸ்திரேலியாவின் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில், திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற வரைவிலக்கணத்தை 2004இல் ஜோன் ஹவார்ட் அரசாங்கம் சேர்த்தது. அப்போது அதை எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் ஆதரித்தது. பத்து ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. தொழிற்கட்சி நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. ஆளும் லிபரல் கட்சி இரண்டாகப் பிளந்து நின்றது.

2015 ஓகஸ்டில் பிரதமராக இருந்த டோனி அபோட், தனது உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்க இடம்கொடுக்கவில்லை. விடயத்தை அடுத்த தேர்தலுக்குப் பின் மக்களிடமே விடுவோம் என்றார். அடுத்த மாதமே மல்கம் டேர்ன்புல் அவரைக் கவிழ்த்துப் பிரதமரானார். டேர்ன்புல் ஒருபால் திருமணத்தை ஆதரித்தவர். ஆனாலும் கட்சியின் பழைமைவாத அணியைச் சமாளிக்க அபோட்டின் வாக்குறுதியையே சுமந்தார். முறையான வாக்கெடுப்புக்கான சட்டமூலத்தை செனட் சபை 2016 நவம்பரில் தோற்கடித்தது. 2017 ஓகஸ்டில் எடுத்த இரண்டாவது முயற்சியும் பலிக்கவில்லை. அதன் பின்னரே புள்ளிவிபரப் பணியகத்தின் ஊடாகத் தபால்மூலக் கணக்கெடுப்பு என்ற குறுக்குவழியை அரசாங்கம் கண்டுபிடித்தது.

அவுஸ்திரேலியாவில் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம். இந்தக் கணக்கெடுப்பில் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. முடிவு பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்தவும் மாட்டாது. அதாவது ஆளும் கட்சி தனது சபைக்குள் தீர்க்க முடியாத சண்டையை எடுத்து ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டிக்குள்ளும் போட்டது. மதச் சமூகங்கள் பல இதைத் தமக்குக் கிடைத்த வாய்ப்பாக எண்ணின. சிட்னி அங்கிலிக்கன் திருச்சபை 'இல்லை' பிரசாரத்துக்குப் பத்து இலட்சம் டொலர் கொடுத்தது. முஸ்லிம் அமைப்புகளும் தமது நிலைப்பாட்டை வெளிப்படையாக அறிவித்தன.

தொகுதியில் வெற்றி, நாட்டில் தோல்வி

2017 நவம்பர் 15ஆம் திகதி முடிவு வெளியானது. 1 கோடி 27 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது தகுதியுடையோரில் 79.5 வீதமானோர், பதில் அனுப்பியிருந்தனர். 'ஆம்' 61.6 வீதம், 'இல்லை' 38.4 வீதம். 150 தொகுதிகளில் 133இல் 'ஆம்' வென்றது.

'இல்லை' வென்ற 17 தொகுதிகளில் 12 சிட்னி மாநகரப் பரப்பில், பெரும்பாலும் அதன் மேற்குப் புறத்தில் இருந்தன. நாட்டிலேயே ஆக உயர்ந்த 'இல்லை' வாக்கு பேங்ஸ்டவுன் நகரை உள்ளடக்கிய பிளக்ஸ்லன்ட் தொகுதியில் பதிவானது. அது 73.9 வீதம். அடுத்தது லகெம்பாவை உள்ளடக்கிய வொட்சன் தொகுதி, 69.6 வீதம். மெல்பேர்னின் வடக்கிலுள்ள கல்வெல் தொகுதியிலும் 'இல்லை' 56.8 வீதத்தால் வென்றது. இந்த மூன்றும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் தொகுதிகள்.

ஆனால் 'இல்லை' என்றவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. வியட்நாமியர்கள் நிறைந்த கப்ரமட்டாவை உள்ளடக்கிய பௌலர் தொகுதியும், ஈராக்கியக் கிறிஸ்தவர்கள் பலர் வாழும் மக்மஹோன் தொகுதியும், சீனர்கள் நிறைந்த பெனலொங் தொகுதியும், வெள்ளையின விவசாயிகள் வாழும் குயின்ஸ்லாந்தின் மூன்று தொகுதிகளும் அதே பட்டியலில் உள்ளன. 2016 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த முஸ்லிம்கள் சிறுவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 6 இலட்சம் பேர்தான். 'இல்லை' என்று பதிலளித்தவர்களோ 48 இலட்சத்துக்கும் மேல். அப்படியிருந்தும் முடிவு வெளியான நாளிலிருந்து ஊடகங்களின் கமரா மேற்கு சிட்னியின் மீதே திரும்பியது. குடியேறியவர்கள் அவுஸ்திரேலிய விழுமியங்களோடு ஒத்துப்போகிறார்களா என்ற பழைய கேள்வி புதிய புள்ளிவிபரத்தோடு திரும்பி வந்தது. வாக்கெடுப்பு எமது பலத்தைக் காட்டும் என்று நினைத்த சமூகத்தின் மீது, அது தொகுதி வாரியாக ஓர் அடையாளக் குறியை இட்டுவிட்டுப் போனது.

எம்.பி.க்கள் எந்தப் பக்கம்?

'இல்லை' வென்ற 17 தொகுதிகளில் 11 தொழிற்கட்சியின் கையில் இருந்தன. பிளக்ஸ்லன்டில் ஜேசன் கிளயார், வொட்சனில் டோனி பர்க், மக்மஹோனில் கிறிஸ் போவன் என்று கட்சியின் முன்னணித் தலைவர்களே உறுப்பினர்களாக இருந்தார்கள். சிஃப்லி தொகுதியின் உறுப்பினர் எட் ஹுசிக், 2010இல் அவுஸ்திரேலியக் கூட்டாட்சிப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் முஸ்லிம். அவரது தொகுதியிலும் 58.7 வீதமானோர் 'இல்லை' என்றிருந்தனர்.

டிசம்பர் 7ஆம் திகதி சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோது எதிர்த்து வாக்களித்தவர்கள் நான்கே பேர். அவர்களில் தொழிற்கட்சியினர் ஒருவரும் இல்லை. தொகுதி மக்கள் பத்துக்கு ஏழு பேர் ஒரு பக்கம் நின்ற இடங்களிலும் கட்சியின் நிலைப்பாடே இறுதியில் வென்றது. மறுபக்கத்தில், 'இல்லை' அணியின் தளபதியாக நின்ற டோனி அபோட்டின் வொரிங்கா தொகுதி 75 வீதத்தால் 'ஆம்' என்றது. அவர் வாக்கெடுப்பு நேரத்தில் சபையை விட்டு வெளியேறினார். 2019இல் அந்தத் தொகுதியையே சுயேச்சை வேட்பாளர் ஒருவரிடம் பறிகொடுத்தார். வாக்கெடுப்பு என்ற வழியைத் திறந்தவருக்கே அது உதவவில்லை.

எழுதியது நின்றது, சொன்னது போனது

எமக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். 2017 டிசம்பரில் அமுலுக்கு வந்த சட்டத்திலேயே ஒரு பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது. மதகுருமார் தமது மார்க்கத்துக்கு முரணான திருமணத்தை நடத்தி வைக்க மறுக்கலாம். இமாம்களும் பாதிரிமாரும் அந்த உரிமையை இன்றுவரை அனுபவிக்கிறார்கள். சட்டத்தில் எழுதப்பட்டதால் அது நிலைத்தது.

அதற்கு மேலான பாதுகாப்புகளைச் சேர்க்கக் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் பாராளுமன்றத்தில் தோற்றன. கவலை தெரிவித்தவர்களுக்கு "பிறகு பார்ப்போம்" என்ற பதிலே கிடைத்தது. முன்னாள் அமைச்சர் பிலிப் ரடொக் தலைமையில் மதச் சுதந்திரம் பற்றிய நிபுணர் குழு நியமிக்கப்பட்டது. 2018 மே மாதம் அது அறிக்கையைக் கொடுத்தது. அரசாங்கம் அதை டிசம்பரில்தான் வெளியிட்டது. அதன்பின் மத ரீதியான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கொண்டுவருவதாக ஸ்கொட் மொரிசன் வாக்களித்தார்.

இந்தச் சட்டம் முஸ்லிம்களுக்கு எவ்வளவு தேவையானது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். இனப் பாகுபாட்டுக்கு எதிராக 1975இலும், பால் ரீதியான பாகுபாட்டுக்கு எதிராக 1984இலும், அங்கவீனம் சார்ந்த பாகுபாட்டுக்கு எதிராக 1992இலும், வயது சார்ந்த பாகுபாட்டுக்கு எதிராக 2004இலும் அங்கு கூட்டாட்சிச் சட்டங்கள் வந்துவிட்டன. மதத்துக்கு அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. ஹிஜாப் அணிந்ததற்காக வாடகை வீடு மறுக்கப்படும் ஒரு பெண், தான் வாழும் மாநிலத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்தே நியாயம் தேடவேண்டிய நிலை. அதனால்தான் இமாம்கள் சபையும் இந்தச் சட்டத்தை ஆதரித்து நின்றது.

சட்டமூலம் 2021 நவம்பரில்தான் பாராளுமன்றத்துக்கு வந்தது. 2022 பெப்ரவரி 10ஆம் திகதி விடிய விடிய நடந்த அமர்வில் பிரதிநிதிகள் சபை அதை நிறைவேற்றியது. ஆனால் பாலின மாற்றம் செய்யும் மாணவர்களை மதப் பாடசாலைகள் நடத்தும் விதம் பற்றிய விவாதத்தில் அரசாங்கக் கட்சியின் ஐந்து உறுப்பினர்களே கட்சி மாறி வாக்களித்துத் திருத்தத்தை நிறைவேற்றினர். அந்தத் திருத்தத்தோடு சட்டத்தை ஏற்க விரும்பாத அரசாங்கம் செனட் சபையில் அதைக் கிடப்பில் போட்டது. மே மாதத் தேர்தலில் ஆட்சியே போய்விட்டது. பின்னர் வந்த அந்தோனி அல்பனீசி அரசாங்கம், எதிர்க்கட்சியின் உடன்பாடு இல்லாமல் இதைத் தொடமாட்டோம் என்று 2024இல் கையை விரித்தது.

முடிவு வெளியாகி ஏறக்குறைய மூன்று வாரங்களில் திருமணச் சட்டம் மாறியது. மதச் சமூகங்களுக்குச் சொல்லப்பட்ட பாதுகாப்புச் சட்டம் அந்த இரு ஆட்சிக் காலங்களிலும் வந்து சேரவில்லை. வாக்கெடுப்புக்கு முன் எமக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்பதற்குப் பதிலாக, வாக்கெடுப்பில் வெல்வோம் என்று காத்திருந்ததன் விலை அது.

தேர்தலில் தண்டித்தார்களா?

இதன் அரசியல் விளைவு என்ன? 2019 மே தேர்தலில் வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்த தொழிற்கட்சி தோற்றது. முற்போக்கு அரசியல் தங்களைக் கவனிக்கவில்லை என்று மத நம்பிக்கையாளர்கள் எண்ணுகிறார்கள் என்று கிறிஸ் போவனே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் பிளக்ஸ்லன்டும் வொட்சனும் தொழிற்கட்சியின் கையிலேயே பெரும் வித்தியாசத்தில் இருந்தன. முஸ்லிம் வாக்காளர் திருமண விடயத்தில் கட்சியோடு முரண்பட்டார். சம்பளம், வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு, குடிவரவுக் கொள்கை என்று வரும்போது அதே கட்சிக்கே வாக்களித்தார். இதைக் கட்சியும் நன்கு அறிந்திருந்தது. அதனால் அது பயப்படவில்லை.

மேற்கு சிட்னியில் முஸ்லிம் வாக்கு தனியாகத் திரளத் தொடங்கியது பிறகு காஸாவுக்காகவே. 2025 மே தேர்தலில் அந்த இரு தொகுதிகளிலும் 'முஸ்லிம் வோட்' என்ற அமைப்பின் ஆதரவோடு சுயேச்சைகள் களமிறங்கினார்கள். அப்போதும் கிளயாரும் பர்க்கும் வென்றார்கள். ஒரு வாக்கெடுப்பில் தொகுதி காட்டிய உணர்வு அடுத்த தேர்தலில் தானாக அரசியல் பலமாக மாறிவிடாது.

'இல்லை' வென்ற நாடுகளிலும்

"அங்கே தோற்றோம், இங்கே வெல்வோமே" என்று ஒருவர் கேட்கலாம். வென்ற நாடுகளையும் பார்ப்போம்.

தாய்வானில் 2018 நவம்பர் 24ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில், குடியியல் சட்டத்தின் கீழ் திருமணம் ஆண் பெண்ணுக்கு மட்டுமே என்ற பிரேரணையை 72 வீதத்துக்கும் அதிகமானோர் ஆதரித்தனர். அதே நாளில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் ஆளும் கட்சி படுதோல்வியடைந்தது. ஜனாதிபதி சாய் இங்-வென் கட்சித் தலைமையைத் துறந்தார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியிருந்தது. எனவே குடியியல் சட்டத்தைத் தொடாமல் தனிச்சட்டம் ஒன்றின் மூலம் 2019 மே மாதம் ஒருபால் திருமணம் அங்கே வந்தது. 2020 ஜனவரியில் சாய் 57 வீத வாக்குகளோடு மீண்டும் ஜனாதிபதியானார். மக்களின் வாக்கு சட்டத்தின் உருவத்தை மாற்றியது, உள்ளடக்கத்தைத் தடுக்கவில்லை.

ஸ்லோவேனியாவில் 2015 டிசம்பரில் 63 வீதமானோர் வாக்கெடுப்பில் நிராகரித்த மாற்றத்தை 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம் கொண்டுவந்தது.

சுவிட்சர்லாந்தின் கதை எம்மை நேரடியாகத் தொடுகிறது. எதற்கெடுத்தாலும் மக்களிடம் வாக்குக் கேட்கும் நாடு அது. 2009 நவம்பர் 29ஆம் திகதி அந்த நாட்டு மக்கள் பள்ளிவாசல் மினாராக்கள் கட்டுவதை 57.5 வீத வாக்குகளால் தடைசெய்தனர். நாடு முழுவதிலும் இருந்த மினாராக்கள் நான்கே நான்கு. 2021 மார்ச் 7ஆம் திகதி முகம் மூடும் ஆடையை 51.2 வீதத்தால் தடைசெய்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 26ஆம் திகதி ஒருபால் திருமணத்தை 64.1 வீதத்தால் அங்கீகரித்தனர். மூன்றும் ஒரே மக்கள், ஒரே வாக்குப்பெட்டி. சிறுபான்மையின் விடயத்தைப் பெரும்பான்மையின் கையில் கொடுத்தால், அது எந்தப் பக்கம் சாயும் என்பதை அன்றைய காற்றே தீர்மானிக்கும்.

எமது நாட்டில்

இலங்கையில் இதுவரை நடந்த ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22ஆம் திகதி நடந்தது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கவே அது பயன்பட்டது. கேள்வியைத் தயாரிப்பவரும் நேரத்தைத் தெரிவு செய்பவரும் ஆட்சியாளரே என்பதை அந்த அனுபவம் எமக்குக் காட்டிவிட்டது.

2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரிக்க வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி இறுதி வரை எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. உயர் நீதிமன்றம்கூட மனுக்களை விசாரணைக்கு எடுக்கவில்லை. இடைவிடாத முறைப்பாடுகளும் சர்வதேச அழுத்தமும் சேர்ந்தே ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி திறந்தன. அந்த நாட்களில் "முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அடக்க அனுமதிக்கலாமா?" என்று நாடு முழுவதும் வாக்கெடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? விடையை வாசகர்களிடமே விடுகிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் ஏற்கனவே உள்ள சட்டங்கள் செல்லுபடியாகும் என்கிறது. 365, 365ஏ பிரிவுகள் அந்தக் குடையின் கீழ்தான் நிற்கின்றன. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் அதே குடையின் கீழ்தான் நிற்கிறது. "பெரும்பான்மை மக்கள் தீர்மானிக்கட்டும்" என்று ஒரு சட்டத்துக்காக நாம் இன்று சொன்னால், "அப்படியானால் காதி நீதிமன்றத்தையும் அவர்களே தீர்மானிக்கட்டும்" என்று நாளை சொல்பவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

2023இல் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் திருமணம் பற்றியது அல்ல. குறித்த உறவைக் குற்றமாகக் கருதுவதை நீக்குவதே அதன் நோக்கம். அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதம் தீர்மானித்தது. எனவே அதற்குச் சாதாரண பெரும்பான்மை போதும். சர்வசன வாக்கெடுப்பு தேவையில்லை. 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் காலாவதியானது. மீண்டும் வந்தால் களம் பாராளுமன்றமாகவே இருக்கும். வாக்கெடுப்பைக் கனவு காண்பவர்கள் அந்தக் களத்துக்குத் தயாராக இல்லை என்பதே எனது கவலை.

என்ன செய்யலாம்?

"அப்படியானால் எதிர்க்கக் கூடாது என்கிறீர்களா?" என்று கேட்கலாம். எதிர்க்கலாம். எமது நம்பிக்கையைத் தெளிவாகவும் கண்ணியமாகவும் பாராளுமன்றக் குழுக்களிலும் நீதிமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் வைக்க எமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒரு நேர்மையான கேள்வியைத் தவிர்க்க முடியாது. சிறுபான்மையின் வாழ்வைப் பெரும்பான்மையின் கை தூக்கலுக்கு விடக்கூடாது என்ற நியாயத்தை எமக்காகக் கேட்டுக்கொண்டு, எமக்குப் பிடிக்காதவர்களுக்கு மட்டும் அதை மறுக்க முடியாது. அவர்களின் செயலை மார்க்கம் அனுமதிப்பதாக இதற்கு அர்த்தமில்லை. நாம் ஒதுங்கி நிற்கும் கூரையை நாமே பிரிக்கக்கூடாது என்பதுதான் அர்த்தம்.

அத்தோடு எமது சிவில் அமைப்புகளும் உலமாக்களும் சட்டத்தரணிகளும் இப்போதே அமர்ந்து, எதிர்காலத்தில் குடும்பச் சட்டத்தில் எந்த மாற்றம் வந்தாலும் அதன் வாசகத்துக்குள்ளேயே என்ன உத்தரவாதம் இருக்க வேண்டும் என்பதை எழுதி வைக்க வேண்டும். நிக்காஹ்வை நடத்துவது யார், பள்ளிவாசல் யாருக்குக் கட்டுப்பட்டது, எமது பாடசாலைகளில் இஸ்லாம் பாடத்தில் என்ன கற்பிக்கலாம் என்பன போன்ற கேள்விகளுக்குச் சட்ட மொழியில் பதில் வேண்டும். குத்பா மேடையில் நிறுத்திக்கொண்டால் போதாது.

எமது பேச்சின் தரமும் முக்கியம். இந்த விடயத்தோடு போராடும் பிள்ளைகள் எமது வீடுகளிலும் இருக்கிறார்கள். ஏளனமும் வசையும் அவர்களை மார்க்கத்தை விட்டு இன்னும் தூரமாக்கும்; நாம் வைக்கும் நியாயத்தையும் பிறர் கேட்காமல் செய்துவிடும்.

லகெம்பா மக்கள் தமது நம்பிக்கையைத் தபாலில் அனுப்பினார்கள். அது எண்ணப்பட்டது, வெளியிடப்பட்டது, அதோடு முடிந்தது. ஆனால் சட்டத்துக்குள் எழுதப்பட்ட அந்த ஒரு பிரிவு அவர்களின் இமாம்களை இன்றும் காக்கிறது. அடுத்த சட்டமூலம் வர்த்தமானியில் வரும்போது நாம் வாக்கெடுப்பு கேட்டுக் கூச்சலிடப் போகிறோமா, அல்லது எமது வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய் நிற்கப் போகிறோமா? அதற்கான வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.